நாவுக்குப் பூட்டு! திறவுகோல் யாரிடம்?

“நின்னுட்டேன் சார்” என்றாள்.

தங்கையின் திருமணத்துக்குச் சேலை எடுக்கச் சென்ற துணிக்கடையில், மூன்றாம் மாடியில், அடுக்கி வைத்த பட்டுகளுக்கு நடுவே அவளைக் கண்டேன். பத்தாம் வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்தவள். அரசுப் பள்ளியின் தமிழ்வழி மாணவி. மேல்நிலைத் தேர்வில் கணக்கிலும் இயற்பியலிலும் அவள் வாங்கிய மதிப்பெண்ணைத் தலைமையாசிரியர் கரும்பலகையில் எழுதி வைத்து, மழைக்காலம் வரும்வரை அழிக்க விடாமல் காத்தார். அரசுப் பள்ளி மாணவர்க்கென 2021இல் வந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணம் அரசு கட்டிற்று. விடுதிச் செலவும் அரசே ஏற்றது. அப்பன் ஒரு காசு கடன் வாங்கவில்லை. வறுமை வழிமறிக்கவில்லை, சாதிச் சான்றிதழ் தடைபோடவில்லை, ‘பெண்ணுக்கு எதற்குப் படிப்பு’ என்று பாட்டிகூடப் பேசவில்லை.

இருந்தும் நின்றுவிட்டாள்! முதற் பருவத்தில் நான்கு தாள் அரியர். இரண்டாம் பருவத்தின் நடுவில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வந்துவிட்டாள். இன்று காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது வரை சேலை விரிக்கிறாள், மடிக்கிறாள், மறுபடி விரிக்கிறாள். கடைகளில் பணிபுரிவோர்க்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் சட்டம் செய்த மாநிலம் நம்முடையது. நல்ல சட்டம். ஆனால் தோழர்களே, உட்கார முடியாமல் அவள் எழுந்து வந்தது கடையிலிருந்து அன்று, வகுப்பறையிலிருந்து!

என்ன நேர்ந்தது என்று கேட்டேன். பெரிய கதை ஒன்றுமில்லை என்றாள். வகுப்பில் வினா ஒன்று எழுந்தது. விடை அவளுக்குத் தெரியும். எழுந்து நின்றாள். தமிழில் தொடங்கினாள். “இங்கிலீஷ், இங்கிலீஷ்” என்றார் விரிவுரையாளர். வாய் உலர்ந்தது. பின் வரிசையில் ஒரு சிரிப்பு. விரிவுரையாளர் கடிந்துகொள்ளவில்லை, கனிவாகத்தான் கேட்டார், “தமிழ் மீடியமா?” என்று.

அந்தக் கனிவுதான் கத்தி! ஒரு காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து கோத்திரம் கேட்டார்கள். பெயரின் வாலைக் கேட்டார்கள். எந்தத் தெரு என்று கேட்டார்கள். அதையெல்லாம் கேட்கக் கூசுகின்ற காலம் வந்ததும், கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். ‘எந்த மீடியம்?’ பதில் கிடைத்த மறுகணம் எல்லாம் தெரிந்துவிடுகிறது அவர்களுக்கு. ஊர், அப்பன் தொழில், வீட்டின் கூரை, அவள் எங்கே உட்காரவேண்டும் என்பதுகூட!

“பயலுக்கு அறிவு போதாது, ஒதுக்கீட்டில் வந்தது” என்று உதட்டைப் பிதுக்குகின்ற மேதாவிகளை நான் அறிவேன். அறிவு போதாதா? அந்தத் துணிக்கடையில் நின்றபடியே, மின்தடை என்றால் என்ன என்பதை எனக்கு விளக்கினாள். வாய்க்கால் அகலமாக இருந்தால் தண்ணீர் எளிதாக ஓடும், குறுகினால் முட்டும், மேட்டு மடை உயர உயர வேகம் கூடும் என்று. வரலாறு படித்துப் பட்டம் வாங்கிய எனக்கே விளங்கிற்று! அவளுக்கு விளங்காதது பாடம் இல்லை, வினாத்தாள்.

‘டிஸ்கஸ்’ என்று போட்டிருந்ததாம் வினாவில். பள்ளியில் வாங்கிய அகராதியைப் புரட்டியபோது ‘கலந்து பேசு’ என்று கண்டவள் அவள். தேர்வு மண்டபத்தில் யாரோடு கலந்து பேசுவது? பேசினால் பிடித்து வெளியே தள்ளமாட்டார்களா? ‘எவால்யுவேட்’ என்றது இன்னொரு வினா. மதிப்பிடு என்று பொருள். எதை, எந்த அளவுகோலால், எத்தனை பக்கத்துக்கு? ‘ஜஸ்டிஃபை’ என்றது மற்றொன்று. ஆக, மனப்பாடம் செய்ததனைத்தையும் எல்லா வினாவுக்கும் எழுதிவிட்டு வந்தாள். ‘இர்ரெலவன்ட்’ என்று சிவப்பு மையில் குறித்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்கும் அவள் அகராதி பார்க்க வேண்டியிருந்தது.

சிரிக்காதீர்கள். நாமும் இப்படித்தான் வந்தோம். நமக்கு யாரோ ஓர் அண்ணன், ஏதோ ஒரு மரத்தடியில் சொல்லிக்கொடுத்தான், தப்பினோம்.

இங்கே ஓர் உண்மையைப் போட்டு உடைக்கவேண்டும். ஆங்கிலம் என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது ஒன்றன்று, இரண்டு. கடையில், பேருந்தில், கைப்பேசியில் பேசுகின்ற ஆங்கிலம் ஒன்று. பாடநூலில், ஆய்வேட்டில், வினாத்தாளில் விளங்குகின்ற ஆங்கிலம் மற்றொன்று. கனடாவில் குடியேறியோரின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்னும் அறிஞர் 1979இல் இந்த வேறுபாட்டை வரையறுத்துக் காட்டினார். பேச்சு மொழி ஏறத்தாழ இரண்டாண்டில் வந்துவிடுகிறது. படிப்பு மொழியோ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் கேட்கிறது என்பது அவர் கண்ட முடிவு. அதுவும் எங்கே? தெருவெல்லாம் ஆங்கிலம் ஒலிக்கின்ற நாட்டில்! ஆங்கிலமே காதில் விழாத ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கு நம் கல்லூரி தருகின்ற தவணை என்ன? ஒரு பருவம். தொண்ணூறு வேலைநாள்!

பிரெஞ்சு நாட்டுப் பியேர் பூர்தியு இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1965இல் தம் தோழர்களோடு சேர்ந்து மாணவர்களின் மொழியை ஆராய்ந்தவர், கல்விக்கூடத்து மொழி யாருக்குமே தாய்மொழி அன்று என்றார். படித்தவர் வீட்டுப் பிள்ளைக்கும் அன்று என்றார். ஆனால் படித்தவர் வீட்டுப் பிள்ளை அந்த மொழியைச் சாப்பாட்டு மேசையிலேயே பாதி பழகிவிட்டு வருகிறான். உழுதவன் வீட்டுப் பிள்ளை முதன்முதலாக வகுப்பில் சந்திக்கிறான். இருவரையும் ஒரே தராசில் நிறுத்தி, முன்னவனுக்குத் ‘திறமை’ என்று பட்டம் சூட்டுகிறார்கள். பரம்பரைச் சொத்துக்குத் திறமை என்று பெயர் வைத்தது நம் நாட்டில் புதிதா என்ன?

அந்தப் படிப்பு மொழி ஏன் இத்தனை முரடு என்று பார்த்தால், அதிலும் மந்திரமில்லை, வரலாறுதான் இருக்கிறது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். ஆட்சியும் சட்டமும் பிரெஞ்சில் நடந்தன. கல்வியும் மதமும் இலத்தீனில் நடந்தன. ஊரார் பேசிய பழைய ஆங்கிலம் அடுப்படியிலும் ஆட்டுக்கொட்டிலிலும் கிடந்தது. ஆகையால்தான் இன்றைக்கும் ‘ஆஸ்க்’ என்றால் கேள்; ‘இன்டராகேட்’ என்றாலும் கேள்! முன்னது வீட்டுச்சொல், பின்னது இலத்தீன் சொல். பள்ளியில் நாம் படித்தது முன்னது. கல்லூரி கேட்பது பின்னது.

வாக்கிய அமைப்பும் அப்படியே. வினையைக் கடைசியில் வைத்து முடிப்பது நம் வழக்கம். எழுவாயை அடுத்தே வினையை நடுவது அவர்கள் வழக்கம். ‘நேற்று வந்த பையன்’ என்று நாம் அடையை முன்னே கட்டுகிறோம். அவர்கள் பையனை முதலில் நிறுத்திவிட்டு, அவன் நேற்று வந்த செய்தியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார்கள். இது பழகிவிடும். பழகாதது இன்னொன்று. ‘சூடு கூடக் கூடத் தண்ணீர் விரைவாக ஆவியாகும்’ என்று நீங்களும் நானும் சொல்வோம். பாடநூல் ஆங்கிலமோ வினைகளையெல்லாம் பிடித்துப் பெயர்களாக உறையவைத்துவிடும்: ‘ஆவியாதல் வீதத்தின் ஏற்றம் வெப்பநிலையின் உயர்வைச் சார்ந்தது’ என்று. தமிழில் சொல்லும்போதே மூச்சு முட்டுகிறதே, பழகாத மொழியில் எப்படி இருக்கும்? கருத்து ஒன்றே. உடை வேறு. உடையைக் கண்டு மிரண்டவளை, கருத்தே தெரியாதவள் என்று எழுதிவிட்டார்கள்.

எத்தனை சொற்கள் இதற்கு? கடலளவா? நியூசிலாந்தின் வெலிங்டன் நகரத்தில் அவெரில் காக்ஸ்ஹெட் என்னும் அம்மையார் கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய துறைகளின் நூல்களிலிருந்து 35 இலட்சம் சொற்களைத் திரட்டி எண்ணிப் பார்த்தார். எந்தத் துறையைத் தொட்டாலும் திரும்பத் திரும்ப வருகின்ற படிப்புச் சொற்கள் 570 குடும்பங்கள் என்று 2000இல் பட்டியலிட்டு வெளியிட்டார். கல்லூரி நூல் ஒன்றில் பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் இந்தப் பட்டியலைச் சேர்ந்தது. 570! நாளுக்கு மூன்றாகக் கற்றால் ஓராண்டுகூட ஆகாது. இதுதானா அந்தக் கம்பசூத்திரம்? இதற்காகவா ஒரு தலைமுறையின் நாவுக்குப் பூட்டுப் போட்டோம்?

பூட்டு பழையது. 1835இல் மெக்காலே தம் குறிப்பை எழுதியபோதே, மக்கள் அனைவருக்கும் கல்வி தர வழியில்லை. ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே ஒரு வகுப்பை உண்டாக்குவோம் என்றுதான் எழுதினார். மேலே ஊற்றினால் கீழே கசியும் என்பது அன்றைய ஆட்சியாளரின் கணக்கு. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. மேலே ஊற்றினார்கள்; மேலே இருந்தவர்கள் குடித்தார்கள்; கசியவில்லை.

கும்பகோணத்து இராமானுசனை எண்ணிப் பாருங்கள். 1904இல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் நுழைந்தவர். கணக்கன்றி வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார், உதவித்தொகை பறிபோயிற்று, ஊரை விட்டே ஓடினார். பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. 1913இல் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி அவருடைய கடிதத்தைப் படித்திராவிட்டால் துறைமுகத்துக் கணக்கராகவே முடிந்திருப்பார். பாடங்களைப் புறக்கணித்தது அவர் பிழைதான், மறைப்பானேன்? ஆயினும் எண்ணவேண்டும். எழுத்தும் ஏடும் பரம்பரை உடைமையாக இருந்த குடியில் பிறந்தவரையே அந்தத் தாள் ஊரைவிட்டு விரட்டிற்று என்றால், முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளை எம்மாத்திரம்? அவளுக்கு எந்த ஹார்டி கடிதம் படிக்கப் போகிறார்?

ஆங்கிலத்தை நான் பகைக்கிறேன் என்று எவரும் கருதவேண்டா. மராட்டியத்துச் சோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் அதைச் சூத்திரருக்கும் தீண்டாதாருக்கும் விடுதலைக் கருவியாகக் கண்டனர். பெரியார் 1928இல் ‘ரிவோல்ட்’ என்று ஆங்கில ஏடு நடத்தினார். 1965இல் மாணவர்கள் தடியடிக்கும் குண்டுக்கும் மார்பு காட்டியபோது காத்துநின்ற இரு மொழிகளில் ஒன்று ஆங்கிலம். 1968 ஜனவரி 23இல் சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று தீர்மானம் செய்தது. உலகத்தைப் பார்க்கும் பலகணி என்றோம் அதை. சரியான பேச்சு. ஆனால் பலகணியை ஆளுயரத்துக்கு மேலே வைத்துவிட்டு, ஏணியை ஒரு சிலர் வீட்டுக் கொல்லையில் சாத்தி வைத்திருக்கிறோமே, இது யாருடைய பிழை? வடக்கின் பிழையா? நம் பிழை!

கல்லூரிகளுக்குள் நடப்பது ஒரு நாடகம். விளம்பரப் பலகையில் ஆங்கிலவழி. வகுப்பில் விரிவுரையாளர் பேசுவதோ பாதித் தமிழ். அவரும் பாவம், அவர் வந்த வழியும் இதுதான். தேர்வுக்கு முன்னர் ‘நோட்ஸ்’ வரும். பொருள் தெரியாமல் நெட்டுருச் செய்வார்கள். விடைத்தாளில் கக்குவார்கள். பொருள் தெரியாமல் சுலோகம் ஒப்பித்தவர்களை எள்ளி நகையாடிய இயக்கத்தின் பிள்ளைகள் நாம். பொருள் தெரியாமல் தெர்மோடைனமிக்ஸ் ஒப்பிக்கிறோம்! முன்னதற்குத் தட்சிணை, பின்னதற்குப் பட்டம்.

கலைக் கல்லூரியில் பகுதி இரண்டு என்று ஆங்கிலத் தாள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நானும் எழுதினேன். இங்கிலாந்தின் ஏரிக்கரையில் பூத்த மஞ்சள் மலர்களைப் பற்றிய பாடலுக்கு நயம் எழுதினேன். (அந்தப் பாடல் எனக்குப் பிடிக்கும்; அது வேறு.) ஆனால் ஒரு வரலாற்று நூலின் முன்னுரையை எப்படிப் படிப்பது, ஒருவர் கருத்தை ஒப்புக்கொண்டு மறுப்பது எப்படி, ‘ஹவ்எவர்’ என்ற சொல் வந்ததும் வாதம் திசை திரும்புகிறது என்று விழித்துக்கொள்வது எப்படி, இதில் ஒன்றையும் அந்தத் தாள் எனக்குச் சொல்லவில்லை. ‘ஹவ்எவர்’ என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டு, ஆசிரியர் மறுத்த கருத்தையே அவர் கருத்தென்று எழுதி மதிப்பெண் இழந்தவன் நான்.

“எல்லோரையும் மழலைப் பருவத்திலிருந்தே ஆங்கில வழியில் போட்டுவிட்டால் தீர்ந்தது” என்கின்றனர் சில கனவான்கள். போட்டுத்தான் பார்க்கிறோமே! 2012 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்துவிட்டன. அந்தப் பிள்ளைகளின் விடைத்தாளையும் திருத்துகிறவன் நான். அங்கும் நெட்டுருதான், கூடுதலாகத் தமிழும் கைவிட்டுப் போகிறது. தாய்மொழியே சிறந்த பயிற்று மொழி என்று யுனெஸ்கோ 1953இலேயே வெளியிட்டது. தாய்மொழியில் ஆழ்ந்த கருத்து இரண்டாம் மொழிக்கு மாறிச் செல்லும் என்பதும் அதே கம்மின்ஸ் சொன்னதுதான். என் மாணவிக்கு மின்தடை விளங்கியது தமிழில். அதற்கு ஆங்கிலச் சட்டை தைக்கத்தான் ஆள் இல்லை.

இன்னொரு பக்கம் நம்மவர்! மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கிவிட்டு, மறுநாள் காலை பேரப்பிள்ளையைக் கான்வென்ட் வாயிலில் இறக்கிவிட்டு வருகின்ற வீரர்கள். தமிழ்வழிப் பொறியியல் வந்ததே, என்ன செய்தோம்? 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழில் தொடங்கிற்று. அதே ஆண்டு, தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு என்று சட்டமும் வந்தது. 2023 மே மாதத்தில் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அந்தப் பிரிவை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றார்கள். சேர்வோர் குறைவு என்பது அவர்கள் சொன்ன காரணம். ஏன் குறையாது? நல்ல நூல்கள் எத்தனை? தனியார் நிறுவனத்து நேர்முகத்தில் தமிழ்வழி என்றால் முகம் சுளிக்காதவர் எத்தனை பேர்?

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் கிரீன் என்ற மருத்துவர் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; நூல்களையும் தமிழில் ஆக்கினார். வெளிநாட்டுக்காரருக்குத் தமிழில் உடற்கூறு சொல்ல முடிந்தது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்! ஐரோப்பாவிலும் இதே பூட்டு இருந்தது. இலத்தீன் தெரியாதவனுக்குப் பல்கலைக்கழக வாயில் இல்லை. நியூட்டன் 1687இல் தம் ‘பிரின்சிபியா’வை இலத்தீனில்தான் எழுதினார். அதே 1687இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் கிறித்தியன் தொமாசியுஸ் என்ற ஆசிரியர், ஊரார் பேசும் ஜெர்மன் மொழியில் விரிவுரை நடத்தப்போகிறேன் என்று ஜெர்மன் மொழியிலேயே அறிவிப்பு எழுதி ஒட்டினார். வைதீகப் புலவர்கள் கொதித்தனர். சில ஆண்டுகளில் அவர் லைப்சிக்கை விட்டே வெளியேற நேர்ந்தது. ஆனால் 1704இல் நியூட்டனே தம் ஒளியியல் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார்! இன்று எந்த மொழியைப் பேசத் தெரியவில்லை என்று நம் பிள்ளையைச் சிரிக்கிறார்களோ, அந்த மொழியும் ஒரு நாள் பல்கலைக்கழக வாயிலில் கைகட்டி நின்ற மொழிதான்.

கேட்க வேண்டியதைக் கேட்போம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் பொது வினாத்தாளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடுகிறது. பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அச்சகம் கிடைக்கவில்லையா? ஆங்கிலவழிப் பாடமேயானாலும் மாணவர் தம் மொழியில் தேர்வெழுத இடம் தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் கேட்டுக்கொண்டது. அந்தக் கடிதம் எந்தப் பேழையில் உறங்குகிறது என்று ஒவ்வொரு கல்லூரி மாணவர் மன்றமும் கேட்கட்டும். முதற் பருவத்தில், பாடத்தின் சொற்களையும் வினாத்தாளின் சொற்களையும் தமிழின் துணைகொண்டு கற்பிக்கும் ஒரு வகுப்பு வேண்டும். அதை நடத்துபவர் இலக்கியம் பயிற்றுபவராக மட்டும் இருத்தல் ஆகாது; அந்தந்தத் துறையின் ஆசிரியரும் உடன் நிற்கவேண்டும். 2021–22ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உயர்கல்வி வயதினரில் நூற்றுக்கு 47 பேர் கல்லூரி செல்கின்ற மாநிலம் இது. இந்திய அளவோ 28தான். வாயிலை அகலத் திறந்த பெருமை நமக்குண்டு. உள்ளே போனவர் எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்ற கணக்கையும் எடுக்கத்தானே வேண்டும்?

அரசு செய்யும்வரை காத்திருப்பதா? முடிதிருத்தும் கடையிலும் தையற்கடையிலும் ஏட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டே அரசியல் கற்ற கூட்டம் நம்முடையது. கீற்றுக்கொட்டகைப் படிப்பகத்தில் விளக்கு ஏற்றிவைத்தவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தின் ஆணைக்கும் காத்திருக்கவில்லை.

எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறையைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் தோழர் ஒருவர் வருகிறார், நானும் இருப்பேன். பழைய வினாத்தாள்களே பாடநூல். இதுவரை ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் பாடம் ‘டிஸ்கஸ்’. வாரந்தோறும் செவ்வாய் இரவு ஏழு மணிக்கு வகுப்பு. ஞாயிறு வைத்தாலென்ன என்று பலர் கேட்டனர். துணிக்கடையில் அவளுக்குச் செவ்வாய்க்கிழமைதான் விடுப்பு.